மாத்திரையும் மாக்கோலமும்

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல் கணித மாணவி, நெய்வேலி)

நெய்வேலியில் பிறந்தவர்களுக்குச் சுரங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெளியூர் நண்பர்களும் நம் கல்லூரியில் பயில்வதால் ஒரு செய்தியைக் கூறித் தொடங்குகிறேன். எங்கள் ஊரின் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்துடன் அடைபட்டுக் கிடக்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு நீர் மேலே வந்துவிடும். 1957-இல் சுரங்க வேலை தொடங்கியபோது பொறியாளர்கள் எதிர்கொண்ட பெருஞ்சிக்கல் இதுதான். என் தந்தை அந்தப் பம்புகளோடு வாழ்நாளைக் கழிப்பவர். அவர் மகளான எனக்குள்ளும் அப்படியொரு ஊற்று உண்டு என்பதை நான் அறிந்துகொண்ட கதையே இக்கட்டுரை.

எனக்குக் கோலம் உயிர். சிக்குக் கோலத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் என் ஆயா. பதினைந்து புள்ளி ஊடுபுள்ளி வைத்து, கோடு அறுபடாமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வரும் கோலத்தைக் கட்டம் போட்ட நோட்டில் வரையத் தொடங்கினால், ஆறு மணி நேரம் பசியும் தெரியாது, தாகமும் தெரியாது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவர்தம் குழுவினரும் 1974-இல் கோலங்களைக் கணினி மொழியின் இலக்கணத்தோடு இணைத்து ஆராய்ந்து எழுதினர் என்று அறிந்த நாளில்தான் கணிதம் படிப்பது என்று முடிவு செய்தேன்.

ஆனால் வகுப்பில்? இருபது நிமிடத்தில் விரிவுரையாளரின் குரல் மின்விசிறியின் ஓசையோடு கலந்துவிடும். "கெட்டிக்காரி, ஆனால் அக்கறை போதாது" என்ற வரி இல்லாத மதிப்பெண் அட்டை எனக்குக் கிடைத்ததில்லை. "கோலத்துக்குன்னா கண்ணு பளிச்சுன்னு தெரியுது, பாடத்துக்கு எங்கடி போச்சு?" என்பார் அம்மா. நியாயமான கேள்விதான். எனக்கும் விடை தெரியவில்லை.

விடை தேட வைத்தது ஒரு மார்கழி இரவு. அம்மா ஒரு திருமணத்திற்காகப் பண்ருட்டி போயிருந்தார். ஆயா உள்ளறையில் உறங்கிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மறுநாள் கோலத்தை வரைந்து பார்க்கக் கூடத்தில் அமர்ந்தேன். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்று, "லைட்டைத் தொடாதே!" என்று கத்தினார். பால் பொங்கித் தீயை அணைத்திருந்தது. கேஸ் மட்டும் கசிந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னல்களையெல்லாம் திறந்தார். ஆயாவைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்தார். பிறகு மெதுவாக, "பால் எப்பம்மா வெச்சே?" என்று கேட்டார். "இப்பத்தாம்பா" என்றேன். மணி பத்தே கால் தாண்டியிருந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று எனக்கு உறக்கம் வந்திருக்கும்.

அடுத்த மாதம் புதுச்சேரியில் மனநல மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் என் பழைய மதிப்பெண் அட்டைகளைப் பார்த்தார். அம்மாவிடம் என் சிறுவயதைப் பற்றி நெடுநேரம் கேட்டார். இரண்டு மூன்று சந்திப்புகளுக்குப் பிறகே ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்றார். "கவனமே இல்லாத நோய்னு நினைக்காதம்மா. கவனத்தை நாம விரும்புற இடத்துல வைக்கவும், வேணும்போது எடுக்கவும் முடியாத நிலை இது. ஓடியாடாத பெண் பிள்ளைங்களுக்கு இருக்கிறது பல நேரம் யார் கண்ணுலயும் படுறதில்லை" என்றார். ஒன்றிலேயே மூழ்கிப் போவதை மிகைக் குவிப்பு என்கிறார்கள். நோயறியும் விதிகளில் அது இடம்பெறவில்லை. ஆயினும் இக்கோளாறு உடையவர் பலர் அதைப் பற்றிப் பேசுகின்றனர்.

எனக்குத் தரப்பட்ட மருந்து மெத்தில்பெனிடேட். 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்பவர் இதை உருவாக்கினார். தம் மனைவி ரீட்டாவின் பெயரால் அதற்கு ரிட்டலின் என்று பெயரிட்டாராம். மூளையின் நரம்பணுக்களுக்கு இடையே சுரக்கும் டோப்பமினும் நார்அட்ரினலினும் உடனே திரும்ப உறிஞ்சப்படுவதை இது தடுக்கிறது. சாதாரண மாத்திரையின் வேலை ஏறத்தாழ நான்கு மணி நேரம்.

முதல் வாரத்திலேயே வியப்பு. மெய்ப்பகுப்பாய்வு வகுப்பில் ஒரு நிறுவலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்டேன். மற்றவர்களுக்கு இது நாள்தோறும் நடப்பது என்று எண்ணியபோது கண் கலங்கிவிட்டது. மதிய உணவு மட்டும் இறங்கவில்லை. டப்பா அப்படியே வீடு திரும்பியது.

ஞாயிறன்று மாத்திரை போட்டுக்கொண்டு கோல நோட்டைத் திறந்தேன். ஆயாவின் இருமல் கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது. நாற்பது நிமிடத்தில் எழுந்துவிட்டேன். கோலத்தில் பிழையொன்றும் இல்லை. ஆனால் எப்போதும் கோலத்துக்குள் இருப்பவள் அன்று அதன் முன்னால் இருந்தேன். என் ஒரே செல்வத்தை விலையாகக் கொடுத்துத்தான் மதிப்பெண் வாங்க வேண்டுமா என்று அஞ்சினேன். யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் மாத்திரையை நிறுத்தினேன். கோலங்கள் பொங்கி வந்தன. அந்தப் பத்து நாளில் ஓர் உள்தேர்வு நடந்ததையே மறந்துபோனேன்.

மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். "இதைச் சொல்லத்தாம்மா நான் இருக்கேன்" என்று கூறி அளவைக் குறைத்தார். குறைத்த பிறகு வேறொன்றையும் கண்டேன். ஒரு நாள் காலை மாத்திரை போட்ட கையோடு, பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறதே என்று நோட்டைத் திறந்தேன். பஸ் போனது, மதியம் வரை கோலந்தான். எதில் கவனம் வைப்பது என்று மாத்திரை சொல்லித் தருவதில்லை. வைத்த இடத்தில் நிற்க உதவுகிறது, அவ்வளவே. இடத்தைத் தேர்வது நம் பொறுப்பு. இப்போது மாத்திரை போட்டபின் நான் முதலில் தொடுவது பாடப் புத்தகம். மருத்துவரின் ஒப்புதலோடு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை இல்லை. அன்று கோலம் உண்டு. அடுப்பில் எதுவும் இருக்காது. மணிக்கொரு முறை அலாரம் அடிக்கும். அடிக்காவிட்டால் ஆயா அடிப்பார்.

ஆறு மணி நேரம் இப்போது மூன்றாகிவிட்டது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இழந்த மூன்று மணிக்காக வருந்தும் நாள்களும் உண்டு. இது என் அனுபவம். பிறருக்கு வேறு விதமாக இருக்கலாம்.

தேர்வு நேரத்தில் தோழி ஒருத்தி, "எனக்கும் ஒண்ணு குடேன், ராத்திரி முழுக்கப் படிக்கலாம்" என்று கேட்டாள். மறுத்துவிட்டேன். இம்மருந்து 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது. மருத்துவர் அறியாமல் ஒருவரும் தொடலாகாது. ஆனால் அவளிடம், "உனக்கும் பாடத்துல மனசு நிக்கலையா? வா, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள், பிறகு தலையசைத்தாள்.

அப்பாவிடம் ஒரு நாள், "பம்பு வெச்சு ஊத்து முழுசையும் வத்த வெச்சிடலாமாப்பா?" என்று கேட்டேன். "அது எதுக்கு? நாம நின்னு வேலை பார்க்கிற அளவுக்கு அழுத்தம் குறைஞ்சா போதும்மா. தண்ணி இருக்கட்டும்" என்றார். அவர் சுரங்கத்தைப் பற்றித்தான் சொன்னார்.

"அக்கறை போதாது" என்று சிவப்பு மையால் எழுதுமுன் ஒரு கணம் நின்று அந்த மாணவரின் முகத்தைப் பாருங்கள் என்று ஆசிரியப் பெருமக்களை வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வரியைச் சுமந்து திரியும் நண்பர்களே, நீங்கள் சோம்பேறிகள் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். வாருங்கள், பேசுவோம். வரும் மார்கழியில் எங்கள் வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் இருக்கும். பாலும் பொங்காமல் இருக்கும்.