நீல் தீவில் சும்மா ஒரு நாள்!

அந்தமான் டூரில் ஊர் திரும்பும் நாள் நெருங்க நெருங்க, எல்லாக் குடும்பங்களிலும் ஒரே பேச்சுதான். "இன்னும் ஸ்கூபா போகலையே, கண்ணாடிப் படகு பாக்கி இருக்கே, செலவு பண்ணி வந்துட்டு ரூம்ல படுத்திருக்கறதா?" கடைசிக்கு முந்தைய நாளை இப்படி ஓடியே கழிப்பவர்கள்தான் அதிகம்.

அந்த ஒரு நாளை நீல் தீவில் எந்தத் திட்டமும் இல்லாமல் கழித்துப் பாருங்கள்.

2018 முதல் இதன் அரசுப் பெயர் ஷஹீத் த்வீப். ஆனாலும் பலருக்கும் இது இன்னும் நீல்தான். வாடகை சைக்கிளிலேயே சுற்றிவிடக்கூடிய சின்னத் தீவு. கடற்கரைகளுக்குப் பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர் என்று ராமாயணப் பெயர்கள். உள்ளே போனால் கடல் மறைந்து, பாக்கு மரங்களும் காய்கறித் தோட்டங்களும் வந்துவிடும். வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் போட்ட தோட்டங்கள் இவை. சுற்றியுள்ள தீவுகளுக்கும் இங்கிருந்துதான் காய்கறி போகிறது.

இங்கே நாளின் டைம்டேபிளைப் போடுவது கடல். டூர் ஏஜென்ட் 'லோ டைட்' என்பார், நம் மீனவர்களுக்கு அது வற்றம். வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அந்த நேரமும் தினம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் நேற்று போனவர் சொன்ன நேரத்தை நம்பாதீர்கள். தங்கும் இடத்திலேயே கேட்டால் அன்றைய நேரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

லட்சுமண்பூர் பக்கம் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்துக்கு வற்றத்தில்தான் போக முடியும். உள்ளூரில் இதற்கு 'ஹவுரா பாலம்' என்று செல்லப்பெயர். பாறைகள் கூர்மையானவை, செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. அங்கே பாலத்தை விடவும் பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீர்தான் சுவாரஸ்யம். சின்ன மீன்கள், நண்டுகள், கறுப்பாகச் சுருண்டு கிடக்கும் கடல் அட்டைகள் என்று ஒவ்வொரு குழியும் ஒரு மீன் தொட்டி. குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடு. அவசரமில்லாத நாளாக இருந்தால் கிளப்ப வேண்டிய அவசியமும் இல்லையே!

அடுத்த ஆபத்து பாக்கெட்டில். ஊருக்குக் கிளம்பும் நேரத்தில்தான் "ஞாபகத்துக்கு ஒண்ணு" என்று சங்கும் பவளத் துண்டும் பையில் ஏறும். பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. செத்துக் கரை ஒதுங்கிய துண்டையும் எடுக்கக் கூடாது. விமான நிலையத்தில் ஸ்கேன் செய்யும்போது மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் உண்டு. சங்கு வேண்டுமென்றால் அனுமதி பெற்ற கடையில் வாங்கி பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை விட்டாலும் இன்னொரு காரணம் இருக்கிறது. மணலில் காலியாகக் கிடப்பதாகத் தோன்றும் சங்குக்குள் பல நேரம் துறவி நண்டு இருக்கும். அதன் வயிற்றுப் பகுதி மெத்தென்றிருக்கும், அதற்கு ஓடு கிடையாது. பிறர் விட்டுப்போன சங்குதான் கவசம். உடம்பு வளர வளர, பெரிய வீடு தேடி இடம் மாறும். நாம் பொறுக்கும் காலிச் சங்கு ஏதோ ஒரு நண்டு தேடிக்கொண்டிருந்த வீடாக இருக்கலாம்.

மதியம் மீன் குழம்பு, சோறு, ஒரு குட்டித் தூக்கம். தூக்கம் நீண்டால் மட்டும் சிக்கல். அந்தமான் நமக்குக் கிழக்கே இருந்தாலும் கடிகாரம் என்னவோ இந்திய நேரம்தான். டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் கடலைத் தொட்டுவிடும். நாலு மணிக்கே லட்சுமண்பூர் மணலில் உட்கார்ந்துவிடுவது நல்லது. அதே காரணத்தால் சீதாபூரில் சூரிய உதயம் பார்க்க விடியும் முன்பே எழ வேண்டும். எழ முடியாதவர்கள் தாராளமாகத் தூங்கலாம், விடுமுறைதானே.

ஒரே ஒரு கணக்கு மட்டும் தவறக் கூடாது. காற்றும் அலையும் பலமாக இருந்தால் ஃபெர்ரி ஓடாது. எனவே இந்த 'சும்மா' நாளை விமானத்துக்கு முதல் நாளில் வைக்காதீர்கள். அதற்கும் ஒரு நாள் முன்னதாக வையுங்கள். மறுநாள் ஃபெர்ரி பிடித்து, போர்ட் பிளேரில், அதாவது 2024-ல் பெயர் மாறிய ஸ்ரீ விஜயபுரத்தில், ஒரு இரவு தங்கிவிட்டால் பயமில்லை.

முந்தைய ராத்திரியே பையைக் கட்டிவிடலாம். ஈரத் துணியைத் தனி கவரில் போடுங்கள், குழந்தைகளின் டிராயர் பாக்கெட்டுகளையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். சங்கு ஏதாவது அகப்பட்டால் மணலில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். கால் முளைத்து நடக்க ஆரம்பித்தாலும் ஆரம்பிக்கும்!