நீர்க்குடம் உடைந்த இரவு

திருவருகைக்கால இரவொன்றில் நம் பங்கு இளைஞர் ஒருவர், நிறைமாத மனைவிக்காகச் செபிக்கக் கேட்டு வந்தார். "நீர்க்குடம் உடைந்துவிட்டது, சாமி. வலி இன்னும் வரவில்லை, விடியட்டும் என்கிறார் அம்மா" என்றார். செபத்திற்கு முன்னர் 108 ஊர்தியை அழைத்தோம்.

பொய்வலி ஓய்வெடுத்தால் அடங்கும். மெய்வலியோ பெரும்பாலும் இடுப்பிலிருந்து வயிற்றைச் சூழ்ந்து, இடைவெளி குறுகக் குறுக வலுக்கும். இரத்தம் கலந்த சளிக் கசிவும் வேளை நெருங்குவதன் அடையாளமே. ஆயின், நீர்க்குடம் உடைந்தபின் வலிக்காகக் காத்திருத்தல் தகாது. கிருமித்தொற்று ஏற்படலாம், கொடி முன்னே நழுவலாம். உதிரப்போக்கு மிகுந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் தாமதம் கூடாது.

வைகறையில் மருத்துவமனையில் பெண்மகவு பிறந்தது. விழித்திருத்தலைக் குறித்து ஆண்டுதோறும் மறையுரை ஆற்றும் நாம், அடையாளம் கண்டவுடன் புறப்படுவதே விழிப்பு என்பதை அன்றுதான் கற்றோம்.