தொண்டிக் கரையில் பாய்மரப் பந்தயம்

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வடக்கே போகிற யாத்திரிகர்கள் பெரும்பாலும் தேவிபட்டினத்தோடு நின்றுவிடுகிறார்கள். கடலுக்குள் இருக்கும் நவபாஷாணங்களைத் தரிசித்து, தலை முழுகிவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். பக்தி சற்று மிகுந்தவர்கள் உப்பூர் வரை சென்று, கூரையில்லாமல் வெயிலை உகந்து வீற்றிருக்கும் விநாயகரையும் சேவித்துவிட்டு வருவார்கள். அதற்கு வடக்கே தொண்டி வரையிலும் உள்ள கரையோர ஊர்களுக்குப் போகவேண்டிய காரியம் வெளியூர்க்காரருக்கு அதிகம் நேர்வதில்லை. ஆனால், கோயில் திருவிழாக்களையொட்டி அப்பக்கத்தில் நடைபெறும் பாய்மரப் படகுப் பந்தயத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் மறு வருஷமும் பஸ் ஏறாமல் இருக்கமாட்டார்கள்.

சென்னைக் கடலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கடல் ஓர் ஏரியைப் போலவே தோன்றும். பாக் ஜலசந்தியின் தென்புறத்திலுள்ள இந்த விரிகுடாவில் ஆர்ப்பரிக்கும் அலை கிடையாது. ஆழமும் பெரும்பாலான இடங்களில் ஏழு பாகத்துக்குள்தான். கரைப் பக்கத்திலோ, வெகு தூரம் உள்ளே நடந்துபோன பிறகும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாத இடங்கள் உண்டு. ஆகையால் இந்தக் கரையின் பழைய பாய்மரப் படகான வத்தைக்கு அடி தட்டையாக அமைந்திருக்கிறது. ஆழ்கடலில் ஓடும் பாய்க்கப்பல்கள் வயிற்றில் கல்லையும் மணலையும் நிரப்பிக்கொள்ளும். மேல்நாட்டுச் சீமான்களின் உல்லாசப் படகுகள் அடியில் ஈயத்தைக் கட்டித் தொங்கவிட்டுக்கொள்ளும். வத்தைக்கு இரண்டும் ஆகாது. ஈயத்தைக் கட்டினால் கரைக்குக் கால் மைல் முன்னதாகவே அது சேற்றில் உட்கார்ந்துவிடும்.

அப்படியானால் இவ்வளவு பெரிய பாயை விரித்துக்கொண்டு படகு கவிழாமல் எப்படி ஓடுகிறது? இந்தக் கேள்விக்கு விடை ஒரு பலகையில் இருக்கிறது.

காற்று வரும் பக்கத்தில், படகின் விளிம்புக்கு வெளியே, தண்ணீருக்கு மேலாக ஒரு நீண்ட பலகையை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். பாய் படகை ஒரு பக்கம் சாய்க்கச் சாய்க்க, ஆட்கள் அந்தப் பலகையின்மேல் ஒருவர்பின் ஒருவராக வெளியே நகர்ந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு நாலைந்து மனிதர்கள் கடலுக்குமேல் ஆகாயத்தில் குந்தியிருப்பதாகவே தோன்றும்.

வகுப்பில் நெம்புகோலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அருமை. படகின் அகலம் ஆறடி என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து விளிம்பு மூன்றடி. 60 கிலோ எடையுள்ள ஒருவன் விளிம்பில் உட்கார்ந்தால் அவனுடைய பலம் மூன்று அறுபது, அதாவது 180. அவனே பலகையில் நகர்ந்து நடுவிலிருந்து ஒன்பதடி தூரத்துக்குப் போனால் 540. ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறான். படகில் கட்டிக்கொடுக்கவேண்டிய கஞ்சியோ ஒருவனுக்குத்தான்.

“அப்படியானால் பலகைக்குப் பதில் இரண்டு மணல் மூட்டைகளை விளிம்பில் அடுக்கிவிட்டால் என்ன?” என்று, வலைக்கொட்டகை நிழலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த ஒரு முதியவரைக் கேட்டேன். எழுபதைக் கடந்தவர். இளமையில் வத்தையிலேயே ஜீவனம் செய்தவர்; இப்போது பந்தயப் படகு ஒன்றுக்குத் தண்டையலாக இருந்து பையன்களைப் பழக்குகிறவர்.

“மூட்டைக்குக் காது கேக்குமா, வாத்தியாரய்யா? காத்து விழுந்துச்சுன்னா ஆளு உள்ளே வந்துருவான். மூட்டை வருமா?” என்றார் அவர்.

விஷயம் முழுவதும் அந்தப் பதிலில் அடங்கிவிட்டது. காற்று ஒரே மாதிரி வீசுவதில்லை. திடீரென்று ஓங்கும், திடீரென்று ஓயும். ஓங்கும்போது பலகையில் ஆள் இல்லாவிட்டால் படகு பாய்ப்பக்கம் கவிழும். ஓயும்போது ஆள் பலகையிலேயே இருந்துவிட்டால் எதிர்ப்பக்கம் சாய்ந்து அவனைத் தண்ணீரில் முக்கும். காற்று தம்மை வந்து தொடுமுன்பே, தண்ணீரின் முகத்தில் கருமை ஓடி வருவதைக் கண்டு இவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். பாரமும் இவர்களே, அந்தப் பாரத்துக்குக் கண்ணும் இவர்களே.

பக்கவாட்டுச் சமநிலை பார்க்கிறவர்களுக்கு எளிதில் விளங்கிவிடுகிறது. முன்னும் பின்னுமான சமநிலை அப்படியல்ல, அதுதான் சூட்சுமம். பாரம் முன்னே மிகுந்தால் அணியம் தண்ணீரை உழும். பின்புறம் தூக்கிக்கொள்வதால் சுக்கானுக்குப் பிடி தளர்ந்துபோகும். பின்னே மிகுந்தாலோ, பின்புறம் தண்ணீரை இழுத்துக்கொண்டு சுழிக்கும். லேசாகிவிட்ட அணியத்தைக் காற்று தன் இஷ்டப்படி தள்ளிவிடும். ஆகையால் காற்றைப் பின்னே வாங்கி ஓடும்போது ஆட்கள் சற்றுப் பின்னுக்கு வருகிறார்கள். காற்றை எதிர்த்து ஏறும்போது முன்னுக்குப் போகிறார்கள். படகு அதிகமாகச் சாய்ந்துவிட்டால் அது தானாகவே காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கச் சுக்கானை வலித்துப் பிடிக்கவேண்டும். வலித்துப் பிடித்த சுக்கான் வேகத்தைத் தின்னும். “சுக்கான் கனத்தா பலகையைப் பாரு” என்பது பெரியவரின் சூத்திரம்.

நம்மவர்களின் இந்தப் பலகையைப் பற்றி நாம் அதிகம் எழுதி வைக்கவில்லை. எழுதியவர் ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர். சென்னை ராஜதானியின் மீன்வளத் துறையில் அதிகாரியாக இருந்த அவர், இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் பாக் விரிகுடாப் படகுகளையும் அவற்றின் பலகையையும் கவனித்து எழுதியிருக்கிறார். இலங்கைச் சிங்கள மீனவர்கள் தங்கள் ஓடத்தின் பக்கமரத்தின்மேல் எத்தனை பேர் ஏறவேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டே காற்றை அளந்து, ‘ஒரு ஆள் காற்று’, ‘இரண்டு ஆள் காற்று’ என்று சொல்வதாகவும் பழைய பிரயாணிகள் குறித்திருக்கிறார்கள். 1938-ல் இங்கிலாந்தில் பீட்டர் ஸ்காட், ஜான் விண்டர் என்ற இருவர், பாய்மரத்திலிருந்து தொங்கவிட்ட கம்பியில் இடுப்பைக் கட்டிக்கொண்டு படகுக்கு வெளியே உடம்பை நீட்டிப் பெரிய பந்தயம் ஒன்றை ஜயித்தார்கள். அந்த உபாயத்தை உடனே தடை செய்துவிட்டார்கள். தொண்டிக் கரையில் யாரும் யாரையும் தடை செய்யவில்லை. இங்கே அது பந்தயத்துக்காக ஏற்பட்டதல்ல, பிழைப்புக்காக ஏற்பட்டது.

பிழைப்பு இப்போது மாறிவிட்டது. மீன்பிடிக்கப் போகும் படகுகளில் பெரும்பாலானவை இயந்திரத்தால் ஓடுகின்றன. அதைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. இரவெல்லாம் துடுப்பு வலித்தவனுக்குத்தான் இயந்திரத்தின் அருமை தெரியும். ஆனால் இயந்திரம் நின்றுவிட்டால்? 1974-ஆம் வருஷத்து ஒப்பந்தப்படி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே இந்தக் கடலில் ஓர் எல்லைக்கோடு வகுக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரின்மேல் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. இயந்திரம் நின்ற படகைக் கச்சான் காற்று தள்ளிக்கொண்டு போகும் திசையோ அந்தக் கோட்டை நோக்கியே. தாண்டினால் அந்நிய நாட்டுச் சிறை, படகும் பறிபோகலாம்.

பெரியவரின் மகனுக்கு ஓர் இரவு இப்படித்தான் நேர்ந்ததாம். படகில் மூன்று பேர். மற்ற இருவருக்கும் பாய் பிடித்துப் பழக்கமில்லை. மகன் மட்டும் சிறுவயதில் தகப்பனாரோடு வத்தையில் போனவர். ஐஸ் பெட்டியை மூடியிருந்த தார்ப்பாயை எடுத்து இரண்டு கழிகளில் கட்டி நிறுத்தினார். துடுப்பைச் சுக்கானாக்கினார். இருவரையும் காற்றுப் பக்கத்து விளிம்பில், பின்புறமாக உட்காரவைத்து, “நான் சொல்லாமே அசையாதீங்க” என்று கட்டளையிட்டார். தென்மேற்கே இருந்து வீசும் காற்றில் மேற்கே வீட்டுக்கு வர முடியாது. ஆனால் வடக்கே போகலாம். வடக்கே கரை கிழக்குப் பக்கமாக நீண்டு வந்து காத்திருக்கிறது. விடிந்து வெகு நேரம் கழித்து மணமேல்குடிப் பக்கம் கரையேறினார்கள். அங்கிருந்து பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார்கள்.

இந்தக் கதையை முன்பே கேட்டிராவிட்டால் அன்றைய பந்தயத்தில் அவர் செய்த காரியம் எனக்கும் பைத்தியக்காரத்தனமாகவே பட்டிருக்கும். படகுக்கு ஆறு பேர். காற்று பலமாக இருந்தபடியால் மற்றப் படகுகளில் பொறுக்கியெடுத்த பாரி ஆட்களாக ஏற்றியிருந்தார்கள். பெரியவரோ ஆறாவது ஆளாகத் தம் பேரனை ஏற்றினார். பதினாலு வயது, நாற்பது கிலோ தேறமாட்டான். “பரிசுப் பணத்தைக் கடல்லே போடுறாரு” என்று கரையில் நின்றவர்கள் அவர் காதில் படும்படியாகவே பேசினார்கள். பையனுக்குப் பலகையில் வேலையில்லை. தண்ணீர் இறைப்பதும், தண்டையல் சொல்லும்போது அணியத்துக்கும் பின்புறத்துக்குமாக ஓடுவதுமே அவன் வேலை.

வெடி போட்டதும் பாய்கள் ஒரே சமயத்தில் விரிந்த காட்சியை வர்ணிக்க நான் கவியல்ல. காற்றைப் பின்னே வாங்கிக் கொடிக் கம்பம் வரையில் ஓடியபோது பெரியவரின் படகே முன்னணியில் நின்றது. கனம் குறைந்த படகுக்கு அது இயல்புதானே. கம்பத்தைச் சுற்றித் திரும்பியபோதுதான் சோதனை. பலகையை மறுபக்கம் மாற்றிக் கட்டவேண்டும், பாய் மாறவேண்டும், ஆறு பேரும் இடம் மாறவேண்டும். எல்லாம் சில நொடிகளில் நடந்தாக வேண்டும். மூன்றாவதாக வந்த படகில் பலகை மாறுமுன்பே பாய் மாறிவிட, அது சாவதானமாகப் படுத்துக்கொண்டது. ஆறு தலைகளும் தண்ணீருக்கு மேலே தெரிந்த பிறகே கரையில் இருந்த பெண்கள் மூச்சுவிட்டார்கள்.

காற்றை எதிர்த்து ஏறும் திரும்புகாலில் பாரி ஆட்களின் படகு நிமிர்ந்து நின்று நெருங்கி வந்தது. கரைக்கு அருகில் காற்று ஓய்ந்தபோது அதன் பலகை ஒரு தரம் தண்ணீரில் தோய்ந்து பின்வாங்கியது. ஆயினும் முடிவில் ஒரு படகு நீளத்தில் அதுவே முந்திக்கொண்டது. பெரியவரின் படகுக்கு இரண்டாம் பரிசு.

அவர் பரிசைப் பற்றிப் பேசவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகையின் கட்டை அவிழ்த்துக்கொண்டே பேரனைக் கூப்பிட்டார்.

“கம்பத்தைத் திரும்பினதும் அணியம் ஏன்டா கீழே விலகிப் போச்சு?”

பையன் சற்று யோசித்தான். “நான் பின்னாலேயே நின்னுட்டேன், அய்யா. முன்னுக்கு ஓடி வரலே.”

“எத்தனை அடி?”

“ஆறு, ஏழு அடி இருக்கும்.”

“சரி, அந்த முனையைப் பிடி” என்றார். இருவருமாகப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு கரையேறினார்கள்.