இடிக்கத்தான் வாங்கினார்... காப்பாற்றிவிட்டார்!

மர்லின் மன்றோ நடித்த ‘சம் லைக் இட் ஹாட்’ படம் பார்த்தவர்களுக்கு, கடலோரத்தில் கூம்புக் கோபுரத்தோடு நிற்கும் அந்தப் பெரிய ஹோட்டல் ஞாபகம் இருக்கும். கதைப்படி அது இருப்பது ஃப்ளோரிடாவில். நிஜத்தில் அமெரிக்காவின் எதிர்க்கரையில், கலிஃபோர்னியாவின் சான் டியேகோவை அடுத்த கொரனாடோவில் இருக்கிறது. பெயர், ‘ஹோட்டல் டெல் கொரனாடோ’.

எல்லாம் ரியல் எஸ்டேட்டில்தான் ஆரம்பித்தது. 1885-ல் எலிஷா பாப்காக், ஹாம்ப்டன் ஸ்டோரி இருவரும் கூட்டாளிகளோடு சேர்ந்து இந்த வெற்று நிலத்தை 1,10,000 டாலருக்கு வாங்கினார்கள். மனை போட்டால் போதுமா, ஆட்கள் வர வேண்டாமா? அதற்காகத்தான் இந்த ஹோட்டல். 1887 மார்ச்சில் வேலை தொடங்கி, 1888 பிப்ரவரியில் திறந்தே விட்டார்கள். மொத்தம் 399 அறைகள். வேலை செய்தவர்களில் பலர் சீனத் தொழிலாளர்கள்.

கட்டடம் முழுக்க மரம். அதன் உணவுக்கூடமான ‘கிரவுன் ரூம்’ மேற்கூரையும் பைன் மரம்தான். 33 அடி உயரம். மரம் என்றால் தீ பயம் இருக்குமே? வளைகுடாவுக்கு அடியில் குழாய் பதித்து நன்னீர் கொண்டுவந்தார்கள். தொட்டிகள் கட்டி, தீயணைக்கும் தெளிப்பான்களும் பொருத்தினார்கள்.

தீயிலிருந்து தப்பிய ஹோட்டலுக்கு, நிலத்தின் விலையே எமனாக வந்தது. 1963-ல் இதை வாங்கிய லாரி லாரன்ஸ், சுற்றியுள்ள நிலத்தில் புதுக் கட்டடங்கள் எழுப்பி, கடைசியில் பழையதை இடித்துவிடுவது என்றுதான் திட்டமிட்டிருந்தார். பிறகு மனம் மாறினார். இடிப்பதற்குப் பதில் கோடிக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்தார். 1977-ல் இது அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால், அறிவிப்போடு வேலை முடிந்துவிடுவதில்லை. உப்புக் காற்றில் மரம் நிலைக்க வேண்டுமென்றால் பெயின்ட், பழுதுபார்ப்பு என்று ஓயாத செலவு. அறைகளுக்கு வாடகை வருவதால்தான் அது சாத்தியமாகிறது. அண்மையில் சுமார் 55 கோடி டாலர் செலவில் நடந்த பணி 2025-ல் நிறைவடைந்தது. பிற்காலத்தில் மறைந்துபோயிருந்த முன்திண்ணையைப் பழையபடி மீட்டெடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் போனால், அறை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. லாபியில் இருக்கும் பழைய கூண்டு லிஃப்ட்டைப் பாருங்கள். ஒருகாலத்தில் ஐஸ் வைத்திருந்த கட்டடம் இப்போது மியூசியம். ஹோட்டலுக்கு முன்னால் இருக்கும் கடற்கரையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். மன்றோ நடந்ததும் அதே மணலில்தான்!