கரையில் ஓர் இரவு

இராயபுரம் என்னும் பெயரிலேயே ஒரு மீனவர் வாழ்கிறார். கலிலேயக் கடலில் வலை வீசிய பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்தனர். அவருடைய ஆலயமே இவ்வூருக்குப் பெயர் தந்தது. 1856-ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி புறப்பட்ட ஊரும் இதுவே. தெற்கே துறைமுகம், வடக்கே காசிமேடு, அதற்கப்பால் திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலும் ஆலையும் அடுத்தடுத்து நிற்கும் இந்நிலப்பகுதியில், அண்மையில் நான் கண்ட ஓர் இரவை இங்குக் கூற விழைகிறேன்.

துறைமுகத்திற்கு வந்திருந்த கொள்கலன் கப்பலொன்றில் பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமிகள் இருந்தனர். அவர்களுள் இருவருக்கு அவ்வாரத்தில் பிறந்தநாள். ஒருவர் ஐம்பதைக் கடந்த தலைமைச் சமையற்காரர். மற்றவர் இருபத்திரண்டு வயது இளைஞர். அவ்விருவருக்கும் கரையில் ஒரு மாலைப்பொழுதைக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுடைய நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டதாக எனக்குச் செய்தி வந்தது. ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: நான் தயங்கினேன். மாலுமிகளின் இரவுக் கொண்டாட்டம் என்றவுடன் மதுக்கடைதான் நினைவில் எழுந்தது. பங்குமக்கள் என்ன நினைப்பார்களோ என்னும் அச்சமும் சேர்ந்துகொண்டது.

மாலை ஆறு மணிக்குத் துறைமுக வாயிலில் மூவரும் வந்து நின்றனர். பதினொரு மணிக்குள் அவர்கள் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும். முற்காலத்தில் சரக்கை ஏற்றி இறக்க நாட்கணக்கில் கப்பல் நிற்கும். மாலுமி ஊரைச் சுற்றிப் பார்ப்பான். இன்று பாரந்தூக்கிகள் சில மணி நேரங்களில் வேலையை முடித்துவிடுகின்றன. மாலுமிகளுக்குக் கரை விடுப்பு அளிக்கப்பட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கூறுகிறது. 2015-இல் இந்தியாவும் அதனை ஏற்றது. ஆனால் கப்பலே நிற்காதபோது கரைக்கு வருவது எப்படி? "இரண்டு மாதங்களுக்குப் பின் இன்றுதான் மண்ணை மிதிக்கிறேன்" என்றார் சமையற்காரர். என் தயக்கம் அப்போதே பாதி கரைந்தது.

எங்கே போகலாம் என்று கேட்டேன். பிறந்தநாளில் நூடுல்ஸ் உண்டால் ஆயுள் நீளும் என்பது அவர்கள் நாட்டு வழக்கமாம். அதனைப் பான்சித் என்கின்றனர். "கப்பலில் எல்லாருடைய பிறந்தநாளுக்கும் நான்தான் அதைச் சமைக்கிறேன்; எனக்குச் சமைக்க யாருமில்லை" என்று சிரித்தார் அப்பெரியவர். நான் அவர்களைப் பர்மா பஜாரை அடுத்த தெருவுக்கு அழைத்துச் சென்றேன். 1960-களில் பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்த தமிழர் பலர் கப்பலேறி இத்துறைமுகத்தில் வந்திறங்கினர். அவர்கள் கையோடு கொண்டுவந்த உணவே அத்தோ. நூடுல்ஸில் முட்டைகோசும் வறுத்த வெங்காயமும் புளிநீரும் சேர்த்துக் கையால் பிசைந்து, வாழைத்தண்டுச் சாற்றோடு தள்ளுவண்டியில் தருகின்றனர். மூவரும் நின்றபடியே உண்டனர். நாடிழந்து வந்தோரின் உணவு, வீட்டை நினைத்து நின்றோரின் பசியை ஆற்றியது.

இராயப்பர் ஆலயத்தில் சிறிது நேரம் முழந்தாளிட்டுவிட்டு வடக்கே சென்றோம். திருவொற்றியூர்ப் பக்கம் எனக்கு அறிமுகமான மீனவக் குடும்பத்துத் தாய் ஒருவர் இரவு உணவுக்கு அழைத்திருந்தார். துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து கடல் சுமந்து வரும் மணல் தடுக்கப்பட்டு மெரினா அகன்றது, வடகரையோ அரிக்கப்பட்டது. அந்த அம்மாள் பிறந்த வீடு நின்ற இடத்தில் இன்று அலை அடிக்கிறது. கரையைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டிருக்கின்றன. கடல் வீட்டைக் கொண்டுபோனது. பின்பு மகனையும் அழைத்துக்கொண்டது. அவரும் ஒரு சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். அவருடைய பிறந்தநாளும் அதே மாதம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வாசலில் அந்த இளைஞர் அம்மாளின் வலக்கையை எடுத்துத் தம் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பெரியோரிடம் ஆசி பெறும் அவர்கள் நாட்டு முறை அது. அம்மாள் திகைத்து, பின் அவர் தலையை வருடினார். வஞ்சிரக் குழம்பும் இறால் வறுவலும் இலையில் விழுந்தன. அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து வாழ்த்துப் பாட, கேக்கு வெட்டப்பட்டது. பாட்டும் கைத்தட்டலும் தெருவை நிறைத்தன. மதுவை ஒருவரும் கேட்கவில்லை. அதை நினைத்து முன்பு அஞ்சியதற்காக நான்தான் நாணினேன்.

இளைஞர் கைப்பேசியில் தம் தாயை அழைத்தார். அங்கே நள்ளிரவு நெருங்கியிருந்தது. திரையில் தோன்றிய தாயும் இந்தத் தாயும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாமலே பேசினர், சிரித்தனர், பின்பு இருவருமே கண்களைத் துடைத்துக்கொண்டனர்.

"ஏம்மா, இத்தனை பாடுபட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"எம்புள்ள எந்த ஊரு கரையில நிக்கிறானோ, சாமி! அங்க யாராச்சும் ஒரு தாய் அவனுக்குச் சோறு போடமாட்டாளா?" என்றார்.

இறுதித் தீர்வையைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவை ஈடாகா.

திரும்பும் வழியெல்லாம் கொள்கலன் லாரிகள் வரிசையாக நின்றன. நம் வீட்டுப் பொருள்களில் பல இப்படிக் கடல் கடந்தே வருகின்றன. கொண்டுவருவோர் முகத்தை நாம் காண்பதில்லை. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது, பணிக்காலம் முடிந்தும் வீடு திரும்ப இயலாமல் உலகெங்கும் ஏறத்தாழ 4 இலட்சம் மாலுமிகள் கப்பல்களிலேயே தவித்தனர். அவர்களுக்காகவே 1920-இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய திருச்சபைப் பணி, இன்று 'ஸ்டெல்லா மாரிஸ்', அதாவது கடலின் விண்மீன், என்னும் பெயரில் நடைபெறுகிறது. ஜூலை இரண்டாம் ஞாயிறு மாலுமிகளுக்காகச் செபிக்கும் நாள்.

அன்புக் குடும்பங்களே, செபத்தோடு நின்றுவிட வேண்டாம். நம் பங்குகளிலிருந்து கடலுக்குச் சென்ற பிள்ளைகளின் பெயர்களைத் திருப்பலியில் சொல்லுங்கள். அந்நியர் ஒருவருக்கு உங்கள் மேசையில் ஓர் இலை போடுங்கள்.

பத்தே முக்காலுக்கு வாயிலில் இறங்கிய சமையற்காரர் ஒரு பொட்டலத்தைக் காட்டினார். கப்பலில் காவலிருந்த தோழனுக்கென அந்த அம்மாள் கட்டிக்கொடுத்த சோறு அது. அதை மார்போடு அணைத்தபடி, வெளிச்சத்தில் நின்ற கப்பலை நோக்கி அவர் நடந்தார்.