உத்திரமேரூருக்கு ஒரு பை

பயணத்திற்குப் பை கட்டுகின்றவர் ஒருவர். அதைச் சுமக்கின்றவர் இன்னொருவர். நம் இல்லங்களில் பெரும்பாலும் இதுவே வழக்கம். கட்டுகின்றவருக்குப் பாரம் தெரிவதில்லை. சுமக்கின்றவர் வாய் திறப்பதில்லை. இந்த வழக்கத்தின் பிழையை, அறுபது வயதைக் கடந்த பிறகு, உத்திரமேரூர் சென்ற ஒரு நாளில்தான் நான் உணர்ந்தேன்.

காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஏரிகளும் நெல்வயல்களும் சூழ அமைந்த ஊர் உத்திரமேரூர். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் மகள்வயிற்றுப் பேரன் விடுமுறைக்கு எங்கள் வீட்டிற்கு வந்திருந்தான். "பாடத்தில் குடவோலை முறை வருகிறது நன்னா. அந்தக் கல்வெட்டைப் படம் பிடித்துத் தாருங்கள்" என்று கேட்டான். படமெடுப்பதில் எனக்கு இளமை முதலே ஆர்வம் உண்டு. உடனே சம்மதித்தேன்.

முந்தைய இரவே பையைக் கட்டினேன். கேமரா, இரண்டு லென்ஸ்கள், ஃபிளாஷ் விளக்கு, முக்காலி, மின்னூட்டி, இரண்டு லிட்டர் தண்ணீர், புளிச்சோறும் அவித்த முட்டையும் வைத்த டிபன் கேரியர், தேநீர் பிளாஸ்க், குடை, துவாலை, தொழுகை விரிப்பு, தடித்த வரலாற்று நூல் ஒன்று. "ஒரு பகலுக்கு இத்தனையும் எதற்கு?" என்று என் துணைவியார் கேட்டார். "இருக்கட்டும், தேவைப்படும்" என்றேன். அந்த ஒற்றைச் சொல்தான் உலகிலுள்ள பைகளையெல்லாம் பாரமாக்குகிறது!

பை ஒற்றைத் தோளில் மாட்டும் வகை. பேரன் தானாகவே அதை வாங்கி மாட்டிக்கொண்டான். பேருந்தில் நெரிசல். ஓர் அன்பர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். பாலாற்றையும் செய்யாற்றையும் கடந்து, பச்சை வயல்களினூடே வண்டி சென்றது. நான் சாளரத்தின் வழியே பார்த்து மகிழ்ந்தேன். பிள்ளை பையோடு நின்றுகொண்டே வந்தான்.

கல்லில் பொறித்த ஒழுங்கு

உத்திரமேரூரின் புகழுக்குக் காரணம் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்கள். முதலாம் பராந்தக சோழன் ஆட்சியில், கி.பி. 919லும் 921லும், ஊர்ச்சபை கூடி எடுத்த முடிவுகள் இக்கற்களில் எழுத்தாக நிற்கின்றன. இன்று இந்தியத் தொல்லியல் துறை இவ்விடத்தைப் பாதுகாத்து வருகிறது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையோரின் பெயர்களை ஓலைத் துண்டுகளில் எழுதிக் கட்டுகளாகக் குடத்தில் இடுவர். சபையிலுள்ள நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடிப்பார். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் கட்டொன்றை எடுப்பான். அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கியபின், அவனே ஓர் ஓலையை எடுத்துத் தருவான். அதைப் பெறுகின்றவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். கையில் வேறோர் ஓலையை மறைத்திருக்கவில்லை என்று ஊரார் காண்பதற்கான ஏற்பாடு அது.

போட்டியிடக் கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும், அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை. இச்சபை வேதம் பயின்ற, நிலமுடைய அந்தணர்களுக்கே உரியதாக இருந்தது. மற்றையோருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், பொறுப்பு ஏற்றவன் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டி வைத்தது வியப்புக்குரியது.

சிவந்த தோள்

நாங்கள் சென்று சேர்ந்தபோது நண்பகல். உச்சி வெயிலில் எழுத்துகள் கல்லோடு கல்லாய்க் கரைந்து கிடந்தன. ஃபிளாஷ் விளக்கை நேரே அடித்ததும் இருந்த நிழலும் மறைந்து சுவர் வெறுமையாகத் தெரிந்தது. தொல்லியல் சின்னங்களில் முக்காலி வைத்துப் படமெடுக்க முன் அனுமதி வேண்டும் என்பதால் அது பையை விட்டு வெளியே வரவேயில்லை. எடுத்த படங்களில் ஒன்றுகூட உருப்படியாக அமையவில்லை.

லுஹர் தொழுகைக்காக ஊரிலுள்ள பள்ளிவாசலுக்குச் சென்றோம். ஒளு செய்யும்போது பேரன் சட்டைக் காலரைத் தளர்த்தினான். வலது தோளில், பட்டை அழுந்திய இடம் இரத்தம் கட்டினாற்போல் சிவந்திருந்தது.

"ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"சொன்னால் நீங்கள் வாங்கிச் சுமப்பீர்கள். உங்களுக்குத்தான் முழங்கால் வலியாயிற்றே, நன்னா" என்றான்.

அன்று தொழுகையில் என் மனம் ஒருமைப்படவில்லை.

திரும்பும் வழியில் ஒரு மளிகைக் கடைத் தராசில் பையை வைத்தோம். உணவும் நீரும் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தும் 7 கிலோ காட்டியது. காலையில் 9 கிலோவுக்குக் குறைந்திருக்காது. பிள்ளையின் எடையோ 42 கிலோ. மாணவர் சுமக்கும் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை வரையறுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் அவன் சுமக்கத் தக்கது 4 கிலோ. நான் சுமத்தியது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல்!

இரவு பையைக் கவிழ்த்துப் பொருள்களைத் தரையில் பரப்பினேன். உண்மையில் பயன்பட்டவை கேமரா, ஒரு லென்ஸ், தண்ணீர், உணவு, துவாலை, விரிப்பு ஆகியவை மட்டுமே. மற்றவை யாவும் என் அச்சத்தின் எடை. அதைச் சுமந்தது பிள்ளையின் தோள்.

நல்ல பை எது?

மறுவாரம் புதிய பை வாங்கக் கடைக்குச் சென்றேன். என் அனுபவம் பிறருக்கும் உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், வெறும் பையைக் கையில் தூக்கிப் பாருங்கள். வெறும் பையே ஒரு கிலோவுக்கு மேலிருந்தால் வேண்டாம். இரண்டு தோள்களிலும் மாட்டும் பை பாரத்தைச் சமமாகப் பகிர்கிறது. ஒற்றைப் பட்டை உடலை ஒருபுறம் சாய்த்துக் கழுத்தையும் முதுகையும் வருத்துகிறது. பட்டைகள் மூன்று விரற்கடைக்குக் குறையாத அகலமும் உள்ளே மெத்தையும் உடையனவாக இருக்கட்டும். பை இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது.

கனமான பொருளை முதுகை ஒட்டி வையுங்கள். வெளிப்புறம் வைத்தால் பை பின்னுக்கு இழுக்கும். கேமராவுக்கெனத் தனி உறை தேவையில்லை. துவாலையில் சுற்றினால் போதும், துவாலையும் உடன் வந்துவிடும். காலணிப் பெட்டிகளில் கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டுவைத்தால் ஈரம் அண்டாது. கித்தான் பை நனைந்தால் கனக்கும். நைலான் விரைவில் உலரும். ஒருநாள் பயணத்திற்கு 20 லிட்டர் கொள்ளளவு போதும். பெரிய பை வாங்கினால், இடம் இருக்கிறதே என்று கை தானாக நிரப்பிவிடும்.

உம்ரா செல்வோருக்கும் விமானப் பயணம் செய்வோருக்கும் இது பொருந்தும். நம் நாட்டு விமானங்கள் பலவற்றில் கைப்பைக்கு 7 கிலோதான் எல்லை. 55, 35, 25 சென்டிமீட்டர் என்பது பரவலான அளவு. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நலம். பவர் பேங்க், உதிரி பேட்டரி ஆகியவற்றைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

எல்லாவற்றினும் மேலான விதி ஒன்று: கட்டியவரே அந்தப் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் பத்து நிமிடம் நடக்க வேண்டும். வேண்டாதவை தாமாகவே வெளியே வந்துவிடும்.

மீண்டும் ஒருமுறை

விடுமுறை முடியுமுன் மீண்டும் புறப்பட்டோம். பை மூன்றரைக் கிலோ; அது என் முதுகில். ஃபிளாஷ் விளக்குக்குப் பதில் விரலளவுக் கைவிளக்கு ஒன்று.

அதிகாலைப் பேருந்தில் சென்று இளவெயிலில் சுவரின் முன் நின்றோம். பேரன் கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தான். ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தேங்கி, வரிகள் துலங்கின. "தெரிகிறது நன்னா!" என்று அவன் கூவிய குரல் இன்னும் என் செவியில் இருக்கிறது.

கல்வெட்டறிஞர்கள் மைப்படி எடுக்கும் முறையை அவனுக்குச் சொன்னேன். சுவரைத் துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளங்களில் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டுவர். பிறகு மை தோய்ந்த பொதியால் ஒற்றுவர். கரிய பரப்பில் எழுத்துகள் வெள்ளையாகத் தோன்றும். தாள், தூரிகை, மை, கொஞ்சம் தண்ணீர் இவ்வளவே அவர்கள் கருவிகள். நம் வரலாற்றின் பெரும்பகுதி அந்தச் சிறு மூட்டையில்தான் வந்து சேர்ந்தது.

பேரன் சற்று யோசித்துவிட்டு, "குடத்தில் கைவிட்ட அந்தப் பையன் பாக்கியசாலி நன்னா. அவன் கையில் ஓர் ஓலைதானே!" என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது, நானும் சிரித்தேன்.

பேருந்து நிலையம் திரும்பும்போது அவன் கையை நீட்டி, "பாதி தூரம் நான் சுமக்கிறேன்" என்றான். மறுக்கவில்லை. தராசு சொன்ன கணக்கு இம்முறை எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. பையைக் கழற்றி அவன் தோள்களில் மாட்டி, பட்டையை அவன் உயரத்துக்குச் சரிசெய்து கொடுத்தேன்.