வலை கட்டுவது நம் வேலை

சில ஆண்டுகளுக்கு முன், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் சில வாரங்கள் தங்கித் திருப்பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அப்போது குருத்துவ வாழ்வின் வெள்ளி விழாவை நெருங்கிக் கொண்டிருந்தோம். விழா மலருக்காக நம் பணிகளை எழுதித் தருமாறு முன்னாள் பங்கின் இளைஞர்கள் கேட்டிருந்தனர். எழுப்பிய சிற்றாலயங்கள், தொடங்கிய மாலைநேரப் பள்ளி, ஒழுங்குபடுத்திய திருமணங்கள், நடத்திய தியானங்கள் என்று நான்கு பக்கங்கள் நிரம்பின. எழுதி முடித்ததும் உள்ளத்தில் ஒரு நிறைவு ஏற்பட்டது. அந்த நிறைவைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் இந்த ஏரி, உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் பெரியது. ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு இதனை வங்கக்கடலிலிருந்து பிரிக்கிறது. கடலோடு ஏரியை இணைப்பது முகத்துவாரம். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, ஏரியின் உவர்நீரில் வளர்ந்து, மீண்டும் கடலை நாடிச் செல்லும். கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துபோனால், எத்தனை திறமையான வலைஞரும் கையைப் பிசைந்து நிற்க வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு போன்ற ஆறுகள் பெருகி வரும்போது, அடைபட்ட வழி மறுபடியும் திறக்கும்.

இங்குள்ள மீனவரிடையே 'பாடு' என்னும் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. முகத்துவாரத்தை அடுத்த நல்ல இடங்களில் யார் எப்போது வலை கட்டுவது என்பதைக் குலுக்கல் போட்டு முறைவைத்துக் கொள்கிறார்கள். பணம் படைத்தவர், வல்லவர் என்ற வேறுபாடு அங்கே செல்லாது. விழுந்த சீட்டுத்தான் முறையைத் தீர்மானிக்கும்.

ஒரு நாள் மாலை, கரையில் வலை பழுதுபார்த்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவரின் அருகில் அமர்ந்தோம். முந்தின இரவு நல்ல இடம் கிடைத்தும் அவருக்குக் கூடை நிறையவில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். "இத்தனை அனுபவம் இருந்தும் இப்படியாகிவிட்டதே பெரியவரே" என்றோம். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "வலை கட்டுறது எங்க வேலை சாமி. எறா வர்றது எங்க வேலையில்ல. அது கடல் குடுக்கிறது." சற்றுப் பொறுத்து, "அதுக்காக ஓட்ட வலையோட போனா, குடுக்கிறதும் தங்காது" என்றார்.

குருமடத்தில் அருளைப் பற்றி நாம் பல நூல்கள் பயின்றோம். அவை சொன்னதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் நூல்கள் நம்மைத் தொடாத இடத்தில் அவர் சொல் தொட்டது. அன்றிரவு அந்த நான்கு பக்கங்களை மீண்டும் எடுத்துப் படித்தோம். அதில் இடம்பெறாத ஒருவர் நினைவுக்கு வந்தார்.

முன்னொரு பங்கில், குடிக்கு அடிமைப்பட்ட ஒருவர், ஓர் இரவு நம் இல்லக் கதவைத் தட்டினார். ஒப்புரவு அருட்சாதனம் பெற வேண்டும் என்றார். வாயில் சாராய நெடி. "முதலில் குடியை விட்டுவிட்டு வா, பிறகு பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டோம். மறுநாள் காலையில் அவரைத் தேடிச் சென்றிருக்கலாம், அதையும் செய்யவில்லை. சில வாரங்களில் அவரை அடக்கம் செய்தோம். குணமடைந்த பிறகு மருத்துவரிடம் வா என்று நோயாளியிடம் சொல்வது போன்றது நம் சொல். சுங்கவரி தண்டுபவர் மார்பில் அறைந்துகொண்டு நிற்க, தம் நோன்பையும் காணிக்கையையும் அடுக்கிச் சொன்ன பரிசேயரை மறையுரையில் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறோம். அவருடைய பட்டியலும் நம்முடைய பட்டியலும் ஒரே கையெழுத்தில் இருந்ததை அன்றுதான் கண்டோம்.

பழவேற்காடு இந்தச் செய்தியை வேறொரு வகையிலும் நினைவூட்டுகிறது. போர்த்துக்கீசியர் காலத்து மரபில் வந்த மகிமை மாதா ஆலயம் இங்கே இருக்கிறது. 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் எச்சங்களும், வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்ட அவர்களது கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. விசுவாசமா, செயல்களா என்று ஐரோப்பாவையே பிளந்த வழக்கின் இரு தரப்பாரும் இந்த மணலில் உறங்குகிறார்கள். ஆனால் மனிதர் தம் சொந்தச் செயல்களால் மட்டும் கடவுளுக்கு ஏற்புடையவராக முடியாது என்பதை 1547இலேயே திரெந்துப் பொதுச்சங்கம் தெளிவாக உரைத்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இது குறித்த கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம்மை ஏற்றுக்கொள்வது இறையருளே, நற்செயல்கள் அந்த அருளின் கனிகள் என்பது அதன் சாரம். டச்சுக்காரரின் மரபைச் சேர்ந்த சீர்திருத்தச் சபைகளின் உலக ஒன்றியமும் 2017இல் அதனோடு இணைந்தது. கற்றறிந்தோர் ஒப்புக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. ஒப்புக்கொண்டதை வாழ்ந்து காட்டுவது நமக்கு இன்னும் கடினமாகவே இருக்கிறது.

அப்படியானால் முயற்சி வேண்டாமா? முதியவரின் ஓட்டை வலையை மறக்கலாகாது. செயலற்ற விசுவாசம் உயிரற்றது என்று தூய யாக்கோபு எச்சரிப்பதும் இதைத்தான். இரவு முழுவதும் பாடுபட்டு ஒன்றும் அகப்படாத பேதுரு, ஆண்டவரின் சொல்லை நம்பி மீண்டும் வலை வீசினார். வலையும் கைகளும் அவருடையவை; மீனோ கொடை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏரியின் பாட்டுமுறை நேர்மையானதுதான்; ஆனால் வழிவழியாக உரிமை பெற்ற குப்பத்தாருக்கே அது உரியது. உரிமையில்லாத மீனவர் ஒதுங்கி நிற்க வேண்டியிருப்பதால் பூசல்களும் எழுந்ததுண்டு. நாமும் பரம்பரைக் கத்தோலிக்கர், நல்ல குடும்பத்தார் என்ற பெயரால் அருளைச் சுற்றி வேலி போடுகிறோம். இறைவனின் பேரேட்டில் அத்தகைய வேலி இல்லை. சிலுவையில் அருகே தொங்கிய கள்வனுக்கு எந்த உரிமை இருந்தது? காட்டுவதற்கு எந்தப் பட்டியல் இருந்தது?

பாடு என்ற சொல் தமிழில் உழைப்பையும் குறிக்கும், துன்பத்தையும் குறிக்கும். ஆண்டவரின் துன்பங்களைத் திருப்பாடுகள் என்கிறோம். நமக்கு விழுந்திருக்கும் பங்கு நம் பாட்டினால் வந்ததன்று. அவர் பாட்டினால் வந்தது. இதை அந்தக் குப்பத்தை விட்டுப் புறப்படும் நாளில் மறையுரையாகச் சொன்னோம். முன்வரிசையில் தரையில் அமர்ந்திருந்த முதியவர் தலையசைத்தார். அவருக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.

விழா மலருக்கு அந்த நான்கு பக்கங்களை நாம் அனுப்பவில்லை. நாம் கதவடைத்து அனுப்பிய ஒருவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, வெள்ளி விழாத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படும் என்று மட்டும் எழுதி அனுப்பினோம். இப்போது இரவில் யார் வந்து கதவைத் தட்டினாலும், அவர் எந்நிலையில் இருந்தாலும், முதலில் உள்ளே அழைத்து உட்கார வைக்கிறோம். நெடி வீசினாலும் பரவாயில்லை. வலை கட்டுவது நம் வேலை.